காலைப் பறித்த கியர் பெட்டி!

1970-ம் ஆண்டு மார்ச் மாதம் 8-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாங் பீச் நகருக்கு அருகே உள்ள லயன்ஸ் பந்தயத் திடலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. இறுதிப் போட்டி தொடங்கும் நேரம். இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நின்று உறுமிக் கொண்டிருந்தன.

வளைவும் நெளிவும் உள்ள பந்தயம் அல்ல இது. நேர்கோட்டில் கால் மைல் தூரம். நின்ற இடத்தில் இருந்து புறப்பட்டு, யார் முதலில் எல்லையைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. எல்லாம் ஏழு வினாடிக்குள் முடிந்துவிடும்.

பச்சை விளக்கு எரிந்தது. கார்கள் பாய்ந்தன. அடுத்த கணம் காதைப் பிளக்கும் சத்தம்! ஒரு கார் இரண்டாக முறிந்து சிதறியது. வேடிக்கை பார்த்தவர்கள் அலறினார்கள்.

அந்தக் காரை ஓட்டியவர் டான் கார்லிட்ஸ். அமெரிக்கப் பந்தய ரசிகர்கள் "பிக் டாடி" என்று செல்லமாக அழைக்கும் வீரர். புகை அடங்கியதும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். உயிர் இருந்தது. ஆனால் அவருடைய வலது பாதத்தின் முன்பகுதி இல்லை. பார்வையாளர் ஒருவரின் கையும் பறந்து வந்த இரும்புத் துண்டால் கடுமையாகக் காயம்பட்டிருந்தது.

வெடித்தது என்ஜின் அல்ல. பெட்ரோல் தொட்டியும் அல்ல. கார்லிட்ஸின் இரண்டு கால்களுக்கும் நடுவே இருந்த கியர் பெட்டி!

கணக்கு எழுதியவர்

டான் கார்லிட்ஸ் 1932-ம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் உள்ள டாம்பா நகரில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்ததும் அவருக்குக் கிடைத்தது, ஒரு பெரிய ஜவுளி, சாமான் கடையில் கணக்கு எழுதும் வேலை. நாற்காலி, மேஜை, பேரேடு. காலையில் போய் மாலையில் திரும்பும் உத்தியோகம்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. மனம் எல்லாம் கார் மீதே இருந்தது. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு, கார் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்துவிட்டார். கையில் மை படிந்த இடத்தில் கிரீஸ் படிந்தது.

சொந்தமாகப் பந்தயக் கார் கட்டினார். அதற்கு "ஸ்வாம்ப் ராட்" என்று பெயர் வைத்தார். சதுப்பு நிலத்து எலி என்று பொருள். ஒன்று பழையதானால் அடுத்த எண்ணில் இன்னொரு எலி. இப்படி வரிசையாகக் கட்டிக்கொண்டே போனார். 1964-ம் ஆண்டு ஆகஸ்ட் 1-ந்தேதி நியூஜெர்சி மாநிலத்தில், கால் மைல் முடிவதற்குள் மணிக்கு 201 மைல் வேகத்தைத் தொட்டு சாதனை செய்தார்.

இந்த வேகம் வந்த ரகசியம் என்ன? அதற்குப் பெயர்தான் சூப்பர்சார்ஜர்.

காற்றை ஊட்டும் யந்திரம்

என்ஜினுக்கு உணவு இரண்டு. ஒன்று பெட்ரோல். மற்றொன்று காற்று. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். ஆனால் அதை எரிக்கக் காற்று வேண்டுமே! சாதாரண என்ஜின், மனிதன் மூச்சு இழுப்பது போலத் தானாகவே காற்றை இழுத்துக் கொள்கிறது. இழுக்க முடிந்த அளவுதான் எரிக்க முடியும்.

சூப்பர்சார்ஜர் அப்படி விடுவதில்லை. கொல்லன் உலையில் துருத்தி ஊதுவது போல, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிறது. என்ஜினின் சுழற்சியில் இருந்தே பெல்ட் போட்டு அதை ஓட்டுவார்கள். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம். அதே என்ஜின், அதே அளவு. ஆனால் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். பாதி கூடுவதும் உண்டு. பந்தயக் கார்களில் அதற்கும் மேலே போகும்.

துருத்தி என்று சொன்னது வெறும் உவமை அல்ல. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் இருவர் 1860-ம் ஆண்டில் காற்றுத் தள்ளும் யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஒன்றோடு ஒன்று உரசாமல் சுழலும் இரண்டு உருளைகள். இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊத அது பயன்பட்டது.

பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அதே அமைப்பைத் தன் டீசல் என்ஜின்களில் பொருத்தியது. லாரியிலும் பஸ்சிலும் ஓடிய அந்த என்ஜின்கள் பழசாகி உடைக்கப்பட்டபோது, பந்தயக்காரர்கள் காயலான் கடையில் இருந்து காற்றுத் தள்ளும் பகுதியை மட்டும் கழற்றி எடுத்து வந்து, தங்கள் கார் என்ஜின் தலை மேல் உட்கார வைத்தார்கள். "6-71" என்று அதற்குப் பெயர். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்ற அந்த டீசல் என்ஜினின் அளவே பெயராக நிலைத்துவிட்டது.

கார்லிட்ஸ் 1959-ம் ஆண்டில் சூப்பர்சார்ஜருக்கு மாறினார். அதே ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் நடந்த ஒரு பந்தயத்தில் அது வெடித்துத் தீப்பிடித்தது. அவருடைய கைகள் வெந்துபோயின. குணமாகும் வரை வேறொருவர் அவருடைய காரை ஓட்ட வேண்டியிருந்தது.

முதலில் கை. பதினோரு ஆண்டு கழித்து கால். பலத்தைக் கூட்டியதற்கு அவர் கொடுத்த விலை அது.

கூட்டிய பலம் எங்கே போகிறது?

பம்பாயிலோ பெங்களூரிலோ, இரண்டு மாடிக்காகப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் மூன்றாவது மாடியையும் நான்காவது மாடியையும் எழுப்புகிறார்களே, அது போன்றதுதான் இது. மேலே கட்டியவர் வாடகை வாங்குவார். கீழே இருக்கும் தூண் பாரம் வாங்கும். எந்தத் தூண் மிகவும் பலவீனமோ, அதில்தான் முதல் விரிசல் விழும்.

காரில் அந்தத் தூண் கியர் பெட்டி. என்ஜினில் பிறக்கும் பலம் முழுவதும் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போயாக வேண்டும். வேறு வழி இல்லை.

கார்லிட்ஸின் காரில் இருந்தது இரண்டு கியர் மட்டுமே உள்ள பந்தயப் பெட்டி. சாலையில் ஓடும் கார்களில் இருக்கும் ஆட்டோமேட்டிக் பெட்டி அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். இன்னும் சொல்லப்போனால், சூப்பர்சார்ஜர் பூட்டும்போது மற்றப் பெட்டிகளைவிட ஆட்டோமேட்டிக் பெட்டிக்குத்தான் அதிக கவனம் தேவை. ஏன் என்று தெரிய, அது வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும்.

மிதி இல்லாத கார்

லாரி டிரைவரின் இடது காலுக்கு ஓய்வே கிடையாது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் கிளட்சை மிதிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் அந்த மிதியே கிடையாது. கியர் தானாக மாறும்.

இந்த வகையில் பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் பெட்டி "ஹைட்ராமேட்டிக்". 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை அறிமுகப்படுத்தி, 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, அதே பெட்டி அமெரிக்க ராணுவத்தின் இலகு ரக டாங்கிகளிலும் ஏறியது.

ஆட்டோமேட்டிக் பெட்டியின் உள்ளே கிரக கியர்கள் இருக்கும். நடுவில் சூரியன் போல ஒரு பல் சக்கரம். அதைச் சுற்றி வரும் சிறிய பல் சக்கரங்கள். எல்லாவற்றையும் சுற்றி ஒரு பல் வளையம். இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்து முதல் கியர், இரண்டாம் கியர், பின்னால் போகும் கியர் எல்லாம் கிடைக்கும்.

பிடித்து நிறுத்துவது யார்? இரண்டு பேர். ஒருவர், உருளையைச் சுற்றி இறுக்கும் எஃகுப் பட்டை. மற்றவர், கிளட்ச் தட்டு அடுக்கு. வெறும் எஃகுத் தட்டு ஒன்று, காகித நார் ஒட்டிய தட்டு ஒன்று என்று மாறி மாறி இட்லித் தட்டுப்போல அடுக்கி இருக்கும். பெட்டிக்குள் ஒரு பம்ப் உண்டு. அது ஆயிலை அழுத்தித் தள்ளும்போது அந்த அடுக்கு நெருங்கி, ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். அழுத்தம் விட்டால் பிடியும் விடும்.

ஆக, பல் சக்கரத்தின் பல் மட்டும் பலமாக இருந்தால் போதாது. ஆயில் அழுத்தமும் காகித நாரும் கொடுக்கும் பிடிதான் பெட்டியின் உயிர்.

என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே இன்னொரு பொருளும் இருக்கிறது. "டார்க் கன்வெர்ட்டர்" என்று பெயர். பரங்கிக்காய் வடிவத்தில் உள்ள இரும்புக் கூடு. உள்ளே முழுவதும் ஆயில். எதிர் எதிராக வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைப் போட்டால், அந்தக் காற்றில் மற்றொன்றும் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வித்தைதான். காற்றுக்குப் பதில் ஆயில். கார் நின்ற இடத்தில் இருந்து கிளம்பும்போது, இது என்ஜினின் முறுக்கு விசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொடுக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

1964-ம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டு வந்த "டர்போ ஹைட்ராமேட்டிக் 400" என்ற பெட்டி பெயர் பெற்றது. ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் கார்களில்கூட அதை வாங்கிப் பொருத்தினார்கள். அதன் முதல் கியர் விகிதம் 2.48.

ஒரு காரின் என்ஜின் 300 பவுண்டு-அடி முறுக்கு விசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும்போது கன்வெர்ட்டர் அதை இரண்டு மடங்காக்கினால் 600. முதல் கியர் அதை 2.48 மடங்காக்கினால் 1,488.

இப்போது சூப்பர்சார்ஜர் பூட்டுகிறோம். என்ஜினின் விசை 300-ல் இருந்து 400 ஆகிறது. கன்வெர்ட்டரில் 800. முதல் கியரில் 1,984.

என்ஜினில் கூடியது 100. பெட்டியை விட்டு வெளியே வரும்போது கூடியிருப்பது 496! காரின் சொந்தக்காரர் நூறுதான் கூட்டினேன் என்று நினைத்திருப்பார். பெட்டியின் பின்புறத் தண்டோ கிட்டத்தட்ட ஐந்நூறைத் தாங்கிக் கொண்டிருக்கும்.

முதலில் போவது எது?

பெட்டி ஒரே நாளில் உடைவதில்லை. முதலில் வழுக்கும்.

தட்டுகளின் பிடி, பழைய பலத்துக்கு அளந்து வைத்தது. புதிய பலம் வந்ததும் கவ்விய தட்டு முழுதாகக் கவ்வாமல் உரசிக்கொண்டே சுழலும். உரசினால் சூடு. சூட்டில் காகித நார் கருகும். கருகிய நார் இன்னும் அதிகமாக வழுக்கும். கடன் வட்டி ஏறுவது போல ஒன்றில் இருந்து ஒன்று வளரும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். புதிய ஆட்டோமேட்டிக் ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் கறுத்து, கருகல் வாடை அடித்தால் உள்ளே தட்டுகள் வெந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். கியர் மாறும் நேரத்தில் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, கார் வேகம் ஏறாமல் போனால் அதுவும் அதே நோய்தான்.

ஆயிலுக்குச் சூடே எமன். 80 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் நன்றாக உழைக்கும் ஆயில், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் பாதி ஆயுளை இழக்கும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு.

வழுக்கலைத் தடுத்துவிட்டால் அடுத்த பலவீனம் தலைகாட்டும். பெட்டிக்குள் நுழையும் தண்டு முறுக்கிக்கொண்டு ஒடியலாம். ஒரு பக்கம் மட்டுமே சுழல விடும் ஒருவழிக் கிளட்ச் நொறுங்கலாம். கன்வெர்ட்டரின் கூடு அழுத்தத்தில் பலூன் போல உப்பி, என்ஜினின் தண்டையே முன்னால் தள்ளி அதன் பேரிங்கைத் தின்றுவிடலாம்.

பலப்படுத்துவது எப்படி?

இந்தக் கலையை வளர்த்தவர்கள் கம்பெனி என்ஜினீயர்கள் மட்டும் அல்ல. கலிபோர்னியாவில் சிறு பட்டறை வைத்திருந்தவர்களும்தான். 1953-ல் தொடங்கிய "பி அண்ட் எம்" என்ற பட்டறை, பழைய ஹைட்ராமேட்டிக் பெட்டிகளைப் பிரித்து, பந்தயத்துக்குத் தாங்கும்படி திருத்திக் கட்டிக் கொடுத்தது. 1960-களின் தொடக்கத்தில், சூப்பர்சார்ஜர் பூட்டிய 1941-ம் ஆண்டு வில்லிஸ் கார்கள் இந்தப் பெட்டிகளோடு ஓடின.

அவற்றில் ஒன்று "ஸ்டோன், உட்ஸ் அண்ட் குக்" என்ற குழுவின் கார். ஸ்டோனும் உட்ஸும் கறுப்பு இனத்தவர். காரை ஓட்டிய குக் வெள்ளையர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் சாப்பிட முடியாத ஊர்கள் அமெரிக்காவில் இருந்த காலம் அது! கியர் பெட்டிக்கு நிறம் தெரியவில்லை. அந்தக் கார் நாடு முழுவதும் பெயர் பெற்றது.

பலப்படுத்தும் வேலையில் முக்கியமான படிகள் இவை.

முதல் படி, தட்டுகளை அதிகமாக்குவது. நான்கு தட்டு இருந்த இடத்தில், மெல்லிய எஃகுத் தட்டுகளைப் போட்டு ஐந்தோ ஆறோ அடுக்குவார்கள். நாரும் சூடு தாங்கும் உயர்ந்த ரகமாக இருக்கும். உரசும் பரப்பு கூடினால் பிடியும் கூடும். இறுக்கும் பட்டையையும் அகலமானதாக மாற்றுவார்கள்.

இரண்டாவது, ஆயில் அழுத்தம். பம்பின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பிரிங்கையும் வால்வையும் மாற்றி அழுத்தத்தை உயர்த்துவார்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய பெட்டிகள் பலவற்றில், என்ஜின் காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தை வைத்தே பாரம் எவ்வளவு என்று பெட்டி தெரிந்துகொள்ளும். உறிஞ்சல் குறைந்தால் பாரம் அதிகம். அழுத்தத்தைக் கூட்டு என்பது அதற்குத் தெரிந்த பாஷை. சூப்பர்சார்ஜர் வந்தபின் உறிஞ்சல் போய், தள்ளல் வந்துவிடுகிறது. உறிஞ்சல் பூஜ்யம் ஆனதோடு அந்த அளவுகோல் முடிந்துவிடும். அதற்கு மேல் ஏறும் பாரம் பெட்டிக்குத் தெரியாது. ஆகவே சூப்பர்சார்ஜருக்கு ஏற்ற அளவுகருவியைப் பொருத்த வேண்டும். இப்போது வரும் கார்களில் இந்த வேலையை கம்ப்யூட்டர் செய்கிறது. அங்கே கணக்கையே திருத்தி எழுத வேண்டும்.

மூன்றாவது, கியர் மாறும் நேரத்தைச் சுருக்குவது. கம்பெனியில் இருந்து வரும் பெட்டி, உட்கார்ந்திருப்பவருக்கு உலுக்கல் தெரியக் கூடாது என்பதற்காக மெதுவாகத் தட்டுகளைக் கவ்வ வைக்கும். அந்த மென்மை என்பதே கொஞ்ச நேர வழுக்கல்தான். பலம் கூடிய காரில் அந்தச் சுகம் கட்டுப்படியாகாது. வால்வு பகுதியில் ஆயில் போகும் துளைகளைப் பெரிதாக்கி, தட்டென்று மாறும்படி செய்வார்கள். சவாரி கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். பெட்டி நெடுநாள் வாழும்.

நான்காவது, தண்டும் ஒருவழிக் கிளட்சும். உயர்ந்த கலப்பு எஃகில் பதப்படுத்திய தண்டைப் போடுவார்கள். ஒருவழிக் கிளட்சில் பாரம் தாங்கும் கட்டைகள் அதிகம் உள்ளதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஐந்தாவது, கன்வெர்ட்டர். உள்ளே இருக்கும் இதழ்களை உலையில் வைத்துப் பித்தளைப் பற்று வைப்பார்கள். முன்பக்கம் தடித்த தகடு பற்ற வைத்து, உப்பாமல் தடுப்பார்கள். என்ஜினோடு அதைச் சேர்க்கும் தட்டையும் கனமானதாக மாற்றுவார்கள்.

ஆறாவது, எல்லோரும் கடைசியாக நினைத்துப் பார்ப்பது, ஆனால் முதலில் செய்ய வேண்டியது: குளிர்விப்பான். காரின் முன்பக்கம் காற்றுப் படும் இடத்தில் தனியாக ஒரு ஆயில் கூலர். அதோடு பெட்டியின் அடியில் ஆழமான ஆயில் தட்டு. மற்ற மாற்றங்களோடு பார்த்தால் செலவு குறைவு. பலன் அதிகம்.

கம்பெனியும் செய்தது

இதெல்லாம் பந்தயப் பித்துப் பிடித்தவர்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். 1997-ம் ஆண்டு மாடல் போன்டியாக் கிராண்ட் பிரிக்ஸ் காரை ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்டபோது, சூப்பர்சார்ஜர் உள்ள 240 குதிரைச் சக்தி என்ஜினையும் அதில் கொடுத்தது. சூப்பர்சார்ஜர் இல்லாத காருக்கு ஒரு பெட்டி. சூப்பர்சார்ஜர் உள்ள காருக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆனால் உள்ளே பலப்படுத்திய வேறொரு பெட்டி. கனரக வகை என்று காட்ட அதன் பெயரோடு இரண்டு எழுத்து சேர்த்திருந்தார்கள்.

பெட்டியைச் செய்த கம்பெனிக்கே, காற்று கூடினால் பழைய பெட்டி போதாது என்று தெரிந்திருந்தது. ஆனால் சூப்பர்சார்ஜரைக் கடையில் வாங்கி வீட்டில் பூட்டுகிறவர்கள் பலர் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். எஞ்சிய பணத்தில் சக்கரத்துக்குப் பளபளப்பு ஏற்றுகிறார்கள்.

அளவு மிஞ்சினால்

பலப்படுத்துவதிலும் அளவு உண்டு. அழுத்தத்தைக் கண்டபடி ஏற்றினால் பம்ப் தேயும். மூடிகள் கசியும். தட்டுகள் கவ்வும் அதிர்ச்சியில் உலோகப் பாகம் ஒடியும்.

இன்னொன்று. பெட்டியைப் பாறை போல ஆக்கிவிட்டால் பாரம் மறைந்துபோகாது. அடுத்த தூணுக்குப் போகும். பெட்டிக்குப் பின்னால் இருக்கும் நீளத் தண்டு, அதன் மூட்டுகள், பின் அச்சு என்று வரிசையாகச் சோதனை வரும். ஆகவே, விவரம் தெரிந்த மெக்கானிக் என்ஜினில் தொடங்கி டயர் வரை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார்: "இது தாங்குமா? இதற்கு அடுத்தது தாங்குமா?"

கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. எல்லாம் செய்த பிறகும் உடைந்தால்? அப்போது பக்கத்தில் இருப்பது யார்?

ஆஸ்பத்திரியில் பிறந்த கார்

லாங் பீச் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கார்லிட்ஸ் யோசித்தது அந்தக் கேள்வியைத்தான்.

அதுவரை அவர் ஓட்டிய கார்களில் என்ஜின் முன்னால் இருக்கும். ஓட்டுபவர் பின் சக்கரங்களுக்கும் பின்னால், கவணில் வைத்த கல்லைப் போல உட்கார்ந்திருப்பார். கிளட்சும் கியர் பெட்டியும் அவர் கால்களுக்கு நடுவே சுழலும். என்ஜின் வெடித்தால் தீயும் ஆயிலும் முகத்துக்கு வரும். பெட்டி வெடித்தால் கால் போகும்.

"உடையாத பெட்டியைச் செய்வேன்" என்று மட்டும் அவர் கிளம்பவில்லை. உடைந்தாலும் மனிதன் மீது படாத காரைக் கட்ட முடிவு செய்தார். என்ஜினையும் பெட்டியையும் பின்னால் தள்ளிவிட்டு, ஓட்டுபவரை முன்னால் உட்கார வைப்பது என்று திட்டம் போட்டார்.

அந்த யோசனை புதிதல்ல. முன்பே சிலர் முயன்று கைவிட்டிருந்தார்கள். நேராக ஓடாது, அலையும் என்றார்கள். கார்லிட்ஸ் கட்டிய காரும் தொடக்கத்தில் அலைந்தது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலும் சக்கரம் அதிகமாகத் திரும்புவதே காரணம் என்று கண்டுபிடித்து, ஸ்டீயரிங்கின் வேகத்தைக் குறைத்தார்கள். கார் அம்பு போல ஓடியது.

1971-ம் ஆண்டு, விபத்து நடந்து ஓராண்டு முடிவதற்குள், பாதி பாதத்தோடு அவர் அந்தக் காரை கலிபோர்னியாவில் உள்ள பொமோனா நகரில் ஓட்டி குளிர்காலப் பந்தயத்தில் வென்றார். அதற்குப்பின் மற்ற வீரர்களும் தங்கள் கார்களை மாற்றத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பிரிவில் முன்பக்க என்ஜின் கார்கள் மறைந்தே போயின. எத்தனை வீரர்களின் கால்களையும் கண்களையும் அந்த மாற்றம் காப்பாற்றியது என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது.

கவசம்

சாலையில் ஓடும் காரில் என்ஜினைப் பின்னால் தூக்கிவைக்க முடியாது. பெட்டி நடுவேதான் இருக்கும். அதன் மேல் தகட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டுபவரின் கால் இருக்கும். அங்கே உதவுவது கவசம்.

அமெரிக்காவில் எஸ்.எப்.ஐ. என்ற அமைப்பு 1978-ம் ஆண்டு முதல் பந்தயச் சாதனங்களுக்குத் தர அளவுகளை வகுத்து வருகிறது. ஆட்டோமேட்டிக் பெட்டியைச் சுற்றிப் போடும் கவசத்துக்கு ஒரு தரம். என்ஜினையும் கன்வெர்ட்டரையும் சேர்க்கும் தட்டுக்கு ஒரு தரம். அந்தத் தட்டு சிதறினால் தடுக்கும் கேடயத்துக்கு ஒரு தரம். குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் துணி வகையில் தைத்த உறையைப் பெட்டியின் மேல் போர்வை போலப் போர்த்திக் கட்டுவார்கள். வேகப் பிரிவுகளில் இவை இல்லாமல் திடலுக்குள் நுழையவே விடமாட்டார்கள்.

பெட்டிக்குப் பின்னால் உள்ள நீளத் தண்டைச் சுற்றியும் ஒரு இரும்பு வளையம் போடுவார்கள். தண்டின் முன்மூட்டு உடைந்தால், அது தரையில் குத்தி காரையே கவிழ்க்காமல் தடுக்க இந்த ஏற்பாடு. இவை எதுவும் காரின் வேகத்தைக் கூட்டாது. ஓட்டியவரை வீட்டுக்கு அனுப்பி வைக்கும்.

திரும்பி வந்தவர்

காலை இழந்த கார்லிட்ஸ் அதோடு நிற்கவில்லை. 1975-ல் மணிக்கு 250 மைல் வேகத்தைத் தாண்டினார். 1986-ல் 270 மைலைத் தாண்டினார். அந்தக் கார் மறு ஆண்டே வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1984-ல் புளோரிடாவில் உள்ள ஒக்காலா நகருக்கு அருகே பந்தயக் கார்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகத்தை அவர் திறந்தார். 2014-ம் ஆண்டில், 82-வது வயதில், மின்சாரத்தில் ஓடும் பந்தயக் காரை மணிக்கு 184 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்.

ஒரு காலத்தில் கடையில் உட்கார்ந்து வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதியவர் அவர். பேரேட்டில் ஒரு பக்கம் நூறைக் கூட்டினால் மறு பக்கமும் நூறு கூட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. என்ஜினுக்குக் காற்றைக் கூட்டியவரும் பெட்டிக்குப் பலத்தைக் கூட்ட வேண்டும். பெட்டிக்குப் பலம் கூட்டியவர், பக்கத்தில் இருக்கும் காலுக்குக் கவசம் கூட்ட வேண்டும்.

சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்!